பீயிலிருந்து வந்த ஊசி

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். பையில் நாலு கவிதை இருக்கிறது. அதை இன்னைக்கு எடுக்கப் போறதில்லை. மஞ்சள் காமாலைக்கு ஒரு தடுப்பூசி வந்த கதையைப் பேசப் போகிறேன். பேச்சு முழுக்க பீ வரும். மலம் என்று எழுதினால் பத்திரிகையில் போடுவார்கள், பீ என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். அதை அள்ளுகிறவர்களுக்கு ஒரு சொல், அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சொல். நான் அள்ளுகிறவர்களுடைய சொல்லையே வைத்துக்கொள்கிறேன். (சிரிப்பு) சிரிங்க, பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

எதனால் இந்தப் பேச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளையில் ஒரு வருஷம் அடுத்தடுத்து மூணு பேருக்குக் காமாலை வந்தது. முதலில் கேஷ் கவுன்ட்டரில் இருந்தவர், அப்புறம் ரெண்டு பேர். நாலாவது நாள் பார்த்தால், தண்ணீர் டிரம் நிரப்புகிற வேலையிலிருந்து துப்புரவு செய்கிற அக்காவை நிறுத்திவிட்டார்கள். உத்தரவு கிடையாது, காகிதம் கிடையாது. "இனிமே நீங்க தண்ணிப் பக்கம் வராதீங்க, கக்கூஸ் மட்டும் பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்த அக்கா எங்க தெரு. ஒன்பது வருஷமாக அந்த டிரம்மை நிரப்பினது அவங்கதான். மூணு மாசம் கழித்து நகராட்சி ஆட்கள் வந்து தெருவைத் தோண்டினபோது, குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுவதும், மூட்டில் உடைந்திருப்பதும் தெரிந்தது. குழாயை மாற்றினார்கள். அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஊழியர்களுக்குத் தடுப்பூசி முகாம் போட்டார்கள். நிரந்தர ஊழியர், அவர்கள் குடும்பம் என்று பட்டியல். நான் அக்கா பேரையும், இரவுக் காவலர் பேரையும் எழுதிக் கொடுத்தேன். ரெண்டுமே அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. காண்ட்ராக்ட் ஆட்கள் பட்டியலில் வரமாட்டார்களாம். முகாமுக்கு வந்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். நல்ல மனுஷர்தான், கோபப்படவில்லை. "தம்பி, அவங்களுக்கெல்லாம் சின்ன வயசுலயே வந்து போயிருக்கும். உடம்புல எதிர்ப்பு இருக்கும். ஊசி வேஸ்ட்" என்றார்.

சொல்லிவிட்டு என் கையில் ஊசி போட்டார். எனக்கு ஒன்பது வயசில் காமாலை வந்து, கண் மஞ்சளாகி, எங்க ஆயா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து பதினஞ்சு நாள் கொடுத்து, உப்பில்லாத கஞ்சி குடித்துப் பிழைத்தவன் நான். 'வந்து போயிருக்கும்' என்று யாரையாவது சொல்வதென்றால் என்னைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைக் கேட்கவே இல்லை. நான் பட்டியலில் இருந்தேன்.

அந்த 'வந்து போயிருக்கும்' என்கிற வார்த்தை தொண்டையில் முள் மாதிரி நின்றது. நூலகத்துக்கு நடந்தேன். தெரிந்த மருத்துவ மாணவர்களைத் தொல்லை செய்தேன். படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பி.காம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். காமாலை என்பது ஒரு நோய் இல்லை. கல்லீரல் கெட்டால் உடம்பு காட்டுகிற மஞ்சள் கொடி, அவ்வளவுதான். அதற்குப் பல காரணம் உண்டு. நாம் பேசுவது ஹெபடைடிஸ் ஏ. இந்த வைரஸ் ஒருத்தர் பீயிலிருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகிறது. தண்ணீர் வழியாகவோ, சோறு வழியாகவோ, கை வழியாகவோ. உள்ளே போய் நோய் தெரிய சராசரியாக 28 நாள், பதினைந்திலிருந்து ஐம்பது நாள் வரைக்கும் ஆகலாம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கண் மஞ்சளாவதற்கு முந்தின ரெண்டு வாரத்தில்தான் பீயில் வைரஸ் அதிகமாக வெளியே போகிறது. ஆள் படுக்கும்போது கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்திருப்பான். ஆகவே "யார் கொண்டுவந்தது" என்று ஒரு ஆளைப் பார்த்துக் கைநீட்டுவது மருத்துவத்தின்படியே முட்டாள்தனம். கைநீட்டுகிறவர்களுக்கு மருத்துவம் தேவைப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஆறு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. ரெண்டு நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அப்புறம் விளையாடப் போய்விடும். பெரியவர்களுக்கு வந்தால் பத்தில் ஏழு பேருக்கு மேல் காமாலையாகப் படுப்பார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கு உயிருக்கே ஆபத்து கூடும். ஒருமுறை வந்துபோனால் ஆயுசுக்கும் மறுபடி வராது. நாள்பட்ட நோயாகவும் தங்காது, தானாக வடிந்துவிடும். கீழாநெல்லிக்கும், மந்திரிக்கிறவருக்கும், கண்ணில் சாறு விடுகிறவருக்கும் பெயர் கிடைத்தது இதனால்தான் என்று சொன்னால் எங்க ஆயா எழுந்து வந்து அடிக்கும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் சொன்னது பொய் இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும். அடுத்தவன் பீ கலந்த தண்ணீரை மூணு வயசிலேயே குடித்தவர்களுக்கு முப்பது வயசில் இந்த நோய் வராது. உலக சுகாதார நிறுவனமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: எல்லாக் குழந்தைக்கும் சின்ன வயசிலேயே தொற்றிவிடுகிற நாடுகளில் எல்லோருக்கும் தடுப்பூசி போடத் தேவையில்லை. கணக்குச் சரி. அந்தக் கணக்கு எதன் மேல் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஊசி எப்படி வந்தது என்பதற்குப் போகலாம்.

ரெண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்காரர்களைக் காமாலை கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. 1942இல் அமெரிக்க ராணுவத்தில் மஞ்சள் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியே காமாலையைக் கொண்டுவந்தது. சுமார் 50,000 வீரர்கள் படுத்தார்கள். அந்த ஊசியில் மனித ரத்தத்தின் சீரம் கலந்திருந்தது. தண்ணீர் வழியாக வருவது ஒன்று, ரத்தம் வழியாக வருவது இன்னொன்று என்று சந்தேகம் வலுத்தது. 1947இல் பிரிட்டனைச் சேர்ந்த மெக்கல்லம் என்பவர் ஏ, பி என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தார்களே தவிர, கிருமியை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எலிக்கும் வரவில்லை, முயலுக்கும் வரவில்லை, சோதனைக் குழாயிலும் வளரவில்லை. அப்படியென்றால் ஆராய்ச்சிக்கு எந்த உடம்பு?

மனுஷ உடம்புதான். எந்த மனுஷ உடம்பு என்பதைப் பாருங்கள். நாஜிகள் 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து 11 யூதச் சிறுவர்களைப் பொறுக்கியெடுத்து சாக்ஸன்ஹவுசன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள், காமாலைச் சோதனைக்கு. போர் முடிந்து, அந்த டாக்டர்களில் சிலரை நியூரம்பர்க்கில் நிறுத்தி, 1947இல் ஒரு விதித்தொகுப்பும் எழுதினார்கள். அதன் முதல் விதி: சோதிக்கப்படுகிற மனிதரின் சொந்தச் சம்மதம் கட்டாயம். எழுதினது அமெரிக்க நீதிபதிகள்.

ஒன்பது வருஷம் கழித்து அதே அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் அரசுப் பள்ளி. பள்ளி என்றால் நம்ம பள்ளிக்கூடம் இல்லை. மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைத்து வைக்கிற விடுதி. நாலாயிரம் பேருக்கென்று கட்டினது. அறுபதுகளின் நடுவில் ஆறாயிரம் பேருக்கு மேல் கிடந்தார்கள். துணி இல்லாமல், கழுவிவிட ஆள் இல்லாமல், தரையிலேயே பீயும் மூத்திரமுமாக. 1965இல் ராபர்ட் கென்னடி பார்த்துவிட்டு வந்து அது ஒரு பாம்புக் குழி என்றார். அங்கே சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் காமாலைக் கிருமி தொற்றிவிடும்.

சால் குருக்மன் என்கிற குழந்தை மருத்துவர் 1956இல் அங்கே சோதனையைத் தொடங்கினார். பணம் கொடுத்தவர்களில் ராணுவத்தின் தொற்றுநோய் வாரியமும் உண்டு. புதிதாகச் சேருகிற குழந்தைகளைத் தனி வார்டில் வைப்பார்கள். சுத்தமான வார்டு, போதிய நர்ஸ்கள், நல்ல சாப்பாடு. நோய் கண்ட பிள்ளைகளின் பீயிலிருந்து வடிகட்டி எடுத்த சாற்றை இந்தப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு காமா குளோபுலின் என்கிற பாதுகாப்பு ஊசி போட்டு, சிலருக்குப் போடாமல் விட்டு, யார் படுக்கிறார்கள், எத்தனையாவது நாளில் படுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பதினைந்து வருஷம் போல இது நடந்தது.

குருக்மன் ஒளித்துச் செய்யவில்லை. கட்டுரை எழுதி வெளியிட்டார். அவர் தரப்பு நியாயம் மூணு. ஒன்று, இந்த நோய் பிள்ளைகளுக்கு லேசாகத்தான் வரும். ரெண்டு, பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூணு, இங்கே சேர்ந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படியும் வந்துவிடும். எங்கள் வார்டில் வந்தால் நல்ல கவனிப்பாவது கிடைக்கும்.

எப்படியும் வந்துவிடும். கேட்டீங்களா தோழர்களே? எங்க டாக்டர் 'வந்து போயிருக்கும்' என்றார். இவர் 'வரத்தான் போகுது' என்றார். காலம்தான் வேறு. சாக்கடைக்குப் பக்கத்தில் ஒருத்தரை வைத்துவிட்டு, அப்புறம் சாக்கடையைக் காரணம் காட்டுகிற பேச்சு ரெண்டுமே. தனி வார்டைச் சுத்தமாக வைக்க ஆளும் பணமும் கிடைத்தது என்றால், மற்ற வார்டுகளுக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரையிலும் பதில் இல்லை. அது மருத்துவக் கேள்வி இல்லையாம்.

கையெழுத்து விஷயத்தையும் பாருங்கள். 1964 கடைசியில் இடமில்லை என்று வில்லோபுரூக்கில் புதுச் சேர்க்கையை நிறுத்தினார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடுகிற தாய் தகப்பனுக்கு ஒரு சேதி போனது: பொதுவில் இடமில்லை, காமாலை ஆராய்ச்சி வார்டில் இடம் இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்குப் பெயர் சம்மதமா? வங்கியில் உட்கார்ந்திருக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், அவசரத்தில் இருக்கிறவன் எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான். படித்துப் பார்த்துப் போடு என்று நாம் சொல்கிறதும் ஒரு சடங்குதான்.

1966இல் ஹென்றி பீச்சர் என்கிற ஹார்வர்டு பேராசிரியர், நெறி தவறிய சோதனைகள் என்று 22 எடுத்துக்காட்டுகளைக் கட்டுரையாக எழுதினார். அதில் இதுவும் ஒன்று. 1971இல் ஸ்டீபன் கோல்ட்பி என்கிற டாக்டர் லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதி, இந்தக் கட்டுரைகளை வெளியிட்ட இதழ்களையும் சேர்த்துக் கேள்வி கேட்டார். 1972இல் ஒரு தொலைக்காட்சி நிருபர் கேமராவோடு உள்ளே புகுந்து அந்த வார்டுகளை நாட்டுக்குக் காட்டினார். வழக்குகள் நடந்து, கடைசியில் 1987இல் அந்த இடத்தை மூடினார்கள். குருக்மனுக்கு 1983இல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். அமெரிக்க மருத்துவத்தில் அது பெரிய விருது.

அந்தச் சோதனையில் பயன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனால் நமக்கு வசதி. பயன் இருந்தது. ரெண்டு காமாலையும் வேறு வேறு என்பதை 1967இல் சந்தேகமில்லாமல் காட்டியது அந்தப் பிள்ளைகளின் உடம்புதான். அங்கிருந்து எடுத்த கிருமிக்கு எம்.எஸ்.1 என்றும் எம்.எஸ்.2 என்றும் பெயர் வைத்தார்கள். எம்.எஸ்.1 என்பது ஏ வகை. பிள்ளைகளின் பெயர் எதிலும் இல்லை.

எம்.எஸ்.1 அதோடு நிற்கவில்லை. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் சிறைக்குப் போனது. சிறைவாசிகளுக்கு அதைக் கொடுத்து, தினமும் அவர்கள் பீயைச் சேகரித்து, உறைய வைத்தார்கள். தன்னார்வலர்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பூட்டின கதவுக்குப் பின்னால் இருக்கிற தன்னார்வம். 1973இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டீபன் ஃபைன்ஸ்டோன், ஆல்பர்ட் கபிகியான், ராபர்ட் பர்செல் மூணு பேரும் அந்தப் பீயை எடுத்துக் கரைத்து வடிகட்டி, நோயிலிருந்து தேறினவர்களின் சீரத்தை அதில் கலந்தார்கள். சீரத்தில் உள்ள எதிர்ப்புப்பொருள் வைரஸைப் பிடித்துக் கொத்தாக ஒட்டவைக்கும் இல்லையா? அந்தக் கொத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 27 நானோமீட்டர் அளவில் உருண்டை உருண்டையாக. உலகத்தில் முதல்முறையாக அதை மனுஷக் கண் பார்த்தது அப்போதுதான். அறிவியல் என்று பார்த்தால் அழகான வேலை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது, இவ்வளவு எளிமையான யோசனை ஒரு கவிதையில் எனக்கு வந்ததில்லை.

கிருமியைப் பார்த்தாச்சு, வளர்க்க வேண்டுமே. மெர்க் கம்பெனியில் பிராவோஸ்ட், ஹில்லமன் என்று ரெண்டு பேர், மார்மோசெட் என்கிற அணில் அளவுக் குரங்குகளுக்கு நோயை வரவைத்தார்கள். அவர்கள் வைத்திருந்த கிருமி கோஸ்டா ரிகாவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது, பெயர் சி.ஆர்.326. நோய் கண்ட குரங்கின் கல்லீரலை அரைத்து, கிருமியைச் செயலிழக்க வைத்து, மற்ற குரங்குகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். காப்பாற்றியது. ஆனால் உலகத்துக்கு ஊசி போட அத்தனை குரங்குக்கு எங்கே போவது? 1979இல் அதே ரெண்டு பேர் கிருமியைச் செல் வளர்ப்புக் குடுவையில் வளர்த்துக் காட்டினார்கள். கதவு திறந்தது அங்கேதான். இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஃபேர்ஃபீல்டு மருத்துவமனையில் இயன் கஸ்ட் குழு எடுத்த எச்.எம்.175 என்கிற கிருமி. பின்னால் வந்த ஊசிகளில் பெரும்பாலும் இந்த ரெண்டு கிருமியின் வாரிசுகளும், வேறு ஒன்றிரண்டும்தான்.

இந்த வைரஸ் ஒரு சோம்பேறி. வாரக்கணக்கில் மெதுவாக வளரும், செல்லைக் கொல்லாது, விளைச்சலும் குறைவு. அதனால்தான் ஊசிக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. மனித செல்லில் வளர்த்து, பிரித்தெடுத்து, ஃபார்மலினில் கொன்று, அலுமினிய உப்பில் ஏற்றினால் ஊசி தயார். 1986இல் முதலில் அப்படிச் செய்து காட்டியவர்களில் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிறுவனத்தார் இருந்தார்கள். ஏன் ராணுவம்? சுத்தமான ஊரில் வளர்ந்த பையன் உடம்பில் எதிர்ப்பு இருக்காது. அவனை நம்மைப் போன்ற நாட்டுக்கு அனுப்பினால் முதல் மாதத்திலேயே படுப்பான். ஊசியின் முதல் வாடிக்கையாளர்கள் யார் என்பது இதிலேயே தெரிகிறது: பட்டாளக்காரர்கள், பயணிகள். அழுக்கில் வாழ்கிறவர்களுக்காகக் கண்டுபிடித்தது அல்ல. அழுக்கு வழியாகக் கடந்துபோகிறவர்களுக்காக.

சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1991இல் நியூயார்க் மாநிலத்தில் மன்ரோ பக்கம், ஹசிடிக் யூதர்கள் வாழ்கிற கிரியாஸ் ஜோல் என்கிற ஊரில் 1,037 பிள்ளைகள். பெரிய குடும்பங்கள், நெருக்கமான வீடுகள், வருஷா வருஷம் காமாலை. பாதிப் பேருக்கு மெர்க் ஊசி ஒரே ஒரு தவணை, மீதிப் பேருக்கு வெறும் ஊசி. ஊசி போட்ட ஐம்பதாவது நாளிலிருந்து எண்ணினால், வெறும் ஊசிக்காரர்களில் 25 பேருக்குக் காமாலை, மருந்து ஊசிக்காரர்களில் ஒருத்தருக்கும் இல்லை. தாய்லாந்தில் காம்பேங் பெட் மாகாணத்தில் 40,119 பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஏ ஊசி, மீதிப் பேருக்கு பி ஊசி. 1994இல் வெளிவந்த கணக்கு: ஏ ஊசி போட்டவர்களில் 2 பேருக்கு நோய், மற்றவர்களில் 38 பேருக்கு. இந்தத் தாய்லாந்து ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, ஒப்பிடுவதற்காக நிறுத்தின பிள்ளைகளுக்கும் பயனுள்ள ஒரு ஊசி கிடைத்தது. பின்னாடி மாற்றியும் போட்டார்கள். வில்லோபுரூக்கிலிருந்து இங்கே வந்து சேர முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. 1992 வாக்கில் ஐரோப்பாவில் ஹாவ்ரிக்ஸ் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் 1995இல் அதுவும், 1996இல் மெர்க்கின் வாக்டாவும்.

சீனா தனி வழியில் போனது. 1988இல் ஷாங்காய் நகரத்தில் கழிவு கலந்த மட்டியைத் தின்று சுமார் மூணு லட்சம் பேர் காமாலையில் விழுந்தார்கள். ஆஸ்பத்திரி போதாமல் பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் கட்டில் போட்டார்கள். ஹாங்சோவில் மாவோ ஜியாங்சென் என்கிறவர், கிருமியைக் கொல்லாமல், செல்களில் மாற்றி மாற்றி வளர்த்துப் பலவீனப்படுத்தி ஒரு உயிருள்ள ஊசி செய்தார். 1992இல் அனுமதி, 2008இல் அரசுத் திட்டத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் செவ்விந்தியர் ஒதுக்கிடங்களிலும் அலாஸ்காப் பழங்குடிகளிடமும் இந்த நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள். 1996க்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து ஊசி போட்டார்கள். சில வருஷங்களில் நோய் மற்றவர்களின் அளவுக்கே இறங்கிவிட்டது. ஊசி பட்டியல் பார்ப்பதில்லை தோழர்களே, போட்டால் வேலை செய்கிறது. பட்டியல் பார்க்கிறது நாம்தான்.

அதே அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் டியாகோவில், 2016இலிருந்து 2018க்குள் 592 பேருக்கு இந்த நோய், 20 பேர் செத்தார்கள். பெரும்பாலும் வீடில்லாமல் தெருவில் படுத்தவர்கள், போதைப்பழக்கத்தில் சிக்கினவர்கள். ஊசி வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. தெருவில் கக்கூஸ் இல்லை. சாவு விழுந்த பிறகுதான் கை கழுவும் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்து, நடைபாதையை பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவினார்கள்.

நம்ம நாட்டுக் காமாலை பற்றி ஒரு வார்த்தை. 1955-56இல் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. எல்லோரும் ஏ என்றுதான் நினைத்தார்கள். பத்திரமாக வைத்திருந்த ரத்தத்தை 1980 வாக்கில் சோதித்தபோது ஏ இல்லை என்று தெரிந்தது. பெரியவர்களுக்கு ஏ எதிர்ப்பு ஏற்கெனவே இருந்தது, 'வந்து போயிருந்தது'. இது வேறு கிருமி. அதைக் காட்டினவர் பாலயான் என்கிற சோவியத் விஞ்ஞானி. நோயாளிகளின் பீக் கரைசலை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? தானே குடித்தார். தனக்கே காமாலை வரவைத்து, தன் பீயிலேயே வைரஸைப் பார்த்து, 1983இல் வெளியிட்டார். அதற்கு இப்போது ஈ என்று பெயர். எல்லா விஞ்ஞானியும் குடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. (சிரிப்பு) ஆனால் யார் வாயில் ஊற்றுகிறோம் என்கிற கேள்வி அவருக்கு வந்திருக்கிறது. ஈ வகைக்கும் ஊசி செய்தார்கள். சுமார் 2,000 நேபாள ராணுவ வீரர்களிடம் சோதித்து, நன்றாக வேலை செய்கிறது என்று 2007இல் எழுதினார்கள். அந்த ஊசி கடைக்கே வரவில்லை. பின்னாடி சீனாதான் வேறொன்று செய்து விற்றது.

இங்கே ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "அப்படியானால் இந்த ஊசியை நாம் புறக்கணிக்க வேண்டுமா?" வேண்டாம் தோழர். நான் போட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளுடைய உடம்பில் எடுத்த அறிவை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. ஊசியில் குற்றமில்லை. யாருடைய பீ, யாருக்குக் குடிக்கக் கொடுத்தது, யாருக்குக் கடைசியில் கிடைத்தது என்று மூணு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அதுதான் என் கட்சி.

திரும்ப எங்க அக்காவிடம் வருகிறேன். டாக்டர் கணக்குப்படி அவங்களுக்கு எதிர்ப்பு இருக்கலாம். ரத்தத்தில் ஒரு சோதனை செய்தால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். யாரும் செய்யவில்லை. 'இருக்கும்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவங்க மகன் கதை வேறு. எங்க தெருவுக்குக் குழாய் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. போர் தண்ணியும் குழாய்த் தண்ணியுமாக வளர்ந்த பிள்ளை. ஓரளவு சுத்தம் வந்துவிட்டது. இதில்தான் ஆபத்து. அரைகுறைச் சுத்தத்தில் சின்ன வயசுத் தொற்று தப்பிப் போகிறது. அப்புறம் பதினெட்டு வயசில் கல்லூரி விடுதிக்குப் போய் அங்கே தொட்டித் தண்ணீர் குடித்தால் கடுமையாக வருகிறது. கேரளத்தில் பல வருஷமாக இதைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே 'அவங்களுக்கெல்லாம்' என்று ஒரு தெருவை மொத்தமாகச் சொல்கிற பேச்சு இப்போது மருத்துவக் கணக்கிலேயே தப்பு. இந்த அரங்கில் விடுதி மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு எது வந்தது, எது வரவில்லை என்று உங்களுக்கே தெரியாது. எனக்கும்தான். ஒன்பது வயசில் வந்தது ஏ தானா ஈயா என்று கீழாநெல்லி சொல்லவில்லை.

பையனுக்குத் தனியார் மருத்துவமனையில் நானே காசு கொடுத்து முதல் தவணை போட்டேன். ஆறு மாசத்தில் இரண்டாவது. அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "அவனுக்குப் போட்டது சரி தம்பி. என்னைத் தண்ணி டிரம்மைத் தொடக் கூடாதுன்னு சொன்னாங்களே, அத யாரு வாபஸ் வாங்கறது?" குழாய் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது. டிரம்மை இப்போது நிரப்புவது ஒரு கேன் கம்பெனி.

நம்ம கோரிக்கை ரெண்டு பக்கத் தாள். நகராட்சியிலும் அலுவலகங்களிலும் கக்கூஸ், சாக்கடை வேலை செய்கிறவர்கள் நிரந்தரமோ காண்ட்ராக்டோ, எல்லோருக்கும் ஏ, பி ரெண்டுக்கும் ரத்தச் சோதனை, எதிர்ப்பு இல்லாதவர்களுக்கு இலவசமாக ஊசி, அவர்கள் பிள்ளைகளுக்கும். விடுதிக் குடிநீர்த் தொட்டிகளை மாதாமாதம் சோதித்து, முடிவை விடுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். குடிநீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கிற இடங்களின் பட்டியலை நகராட்சி வெளியிட வேண்டும். எங்க தெருவில் நாங்களே நடந்து எண்ணினதில் ஏழு இடம் இருக்கிறது, அதையும் இணைத்திருக்கிறோம்.

தாள் பின் பெஞ்சில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அவசரம் இல்லை, எட்டு மணி வரைக்கும் அரங்கம் நம்ம கையில்தான். உங்கள் விடுதித் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று தெரிந்தவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம்.